பிம் படிக்கலாமான்னு கேட்ட தம்பிக்கும், அதே கேள்வி இருக்கற மத்தவங்களுக்கும்

போன ஞாயித்துக்கிழமை சிங்கப்பூர் தேக்கால நம்ம ஊர்க்கார தம்பி ஒருத்தன பாத்தேன். புதுக்கோட்டை பக்கம், டிப்ளமோ சிவில் முடிச்சிட்டு இங்க வந்து நாலு வருசமா கம்பி கட்டுற வேலை. டீ குடிச்சிட்டு நிக்கும்போது போன எடுத்து ஒரு கோர்ஸ் விளம்பரத்த காட்டினான். "அண்ணே, பிம்னு போட்டிருக்கான், டிஜிட்டல் கன்ஸ்ட்ரக்‌ஷன்னு போட்டிருக்கான், இது ஆட்டோகேட் மாதிரி இன்னொரு சாஃப்ட்வேரா? நம்மள மாதிரி ஆளு படிச்சா புரியுமா?"ன்னு கேட்டான். அந்தக் கூட்டத்துல நின்னுக்கிட்டு அஞ்சு நிமிசத்துல சொல்லி முடிக்கற விஷயம் இல்ல, வீட்டுக்கு போய் எழுதி அனுப்பறேன்னு சொல்லிட்டு வந்தேன். நானும் சைட் சூப்பர்வைசரா ஆரம்பிச்சு இப்ப பிம் கோஆர்டினேட்டரா வேலை பாக்கறவன்தான், அதனால சைட்டுல நிக்கற ஒருத்தருக்கு எப்படி சொன்னா புரியுமோ அப்படியே சொல்றேன்.

மொதல்ல ட்ராயிங்ல இருந்து வருவோம். ஆட்டோகேட் 1982-ல வந்துச்சு, அதுக்கு முன்னாடி பேப்பர்ல கையால போட்டத கம்ப்யூட்டர்ல போட ஆரம்பிச்சாங்க, அவ்வளவுதான். அதுல ஒரு சுவர்ங்கறது ரெண்டு கோடு. கதவுங்கறது ஒரு கோடும் ஒரு வளைவும். அது சுவர், இது கதவுன்னு உங்களுக்கும் எனக்கும் தெரியும், கம்ப்யூட்டருக்கு தெரியாது, அதுக்கு எல்லாமே கோடுதான். பிளான்ல ஒரு ஜன்னல அரை மீட்டர் தள்ளி வச்சீங்கன்னா செக்‌ஷன்ல, வெளித்தோற்றம் காட்டற எலிவேஷன்ல, ஜன்னல் பட்டியலான ஷெட்யூல்ல எல்லாத்துலயும் நீங்களே போய் தனித்தனியா மாத்தணும். ஒண்ண மறந்தா போச்சு, பிளான் பாத்து வேலை செய்யறவருக்கு ஒரு இடம், எலிவேஷன் பாத்து வேலை செய்யறவருக்கு இன்னொரு இடம்.

பிம்ல அப்படி இல்ல. பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங், அதோட சுருக்கம்தான் பிம். இங்க நீங்க கோடு போடறதில்ல, சுவரையே வைக்கறீங்க. அந்தச் சுவருக்கு தான் சுவர்னு தெரியும், எத்தன மில்லிமீட்டர் தடிப்பு, கான்கிரீட்டா செங்கல்லா, எந்த மாடில இருக்கு, தீ பிடிச்சா எவ்வளவு நேரம் தாங்கும், எல்லாம் அதுக்குள்ளயே இருக்கும். ஜன்னல ஒரு இடத்துல தள்ளுனா எல்லா ட்ராயிங்லயும் தானா தள்ளிக்கும், ஏன்னா ட்ராயிங்னு தனியா ஒண்ணு கிடையாது, ஒரே மாடல மேல இருந்து பாத்தா பிளான், வெட்டிப் பாத்தா செக்‌ஷன். இந்த யோசனை ஒண்ணும் புதுசில்ல, அமெரிக்காவுல சார்லஸ் ஈஸ்ட்மன்ங்கற பேராசிரியர் 1970-கள்லயே இத பத்தி ஆராய்ச்சி பண்ணியிருக்காரு. நாம இப்ப அதிகமா பாக்கற ரெவிட்ங்கற பிம் சாஃப்ட்வேர் 2000-ல வந்துச்சு, 2002-ல ஆட்டோகேட் கம்பெனியான ஆட்டோடெஸ்க் அத வாங்கிடுச்சு.

நிறைய பேர் பிம்னா 3டி படம்னு நினைச்சுக்கறாங்க. படம் அழகா இருக்கும், சுத்திப் பாக்கலாம், ஆனா அதுக்குள்ள தகவல் இல்லன்னா அது வெறும் பொம்மை. இங்க அரசாங்கம் கட்டித் தர்ற எச்டிபி வீட்டுலயே ஒரு உதாரணம் எடுத்துக்கோங்க. 1990-கள் கடைசிக்கு அப்புறம் கட்டுன வீடுகள்ல பாம் ஷெல்டர்னு, குண்டு விழுந்தா ஒதுங்கிக்க ஒரு சின்ன ரூம் இருக்கும், ஸ்டோர் ரூமா வச்சிருப்போம். அந்தச் சுவர ஹேக் பண்ணக் கூடாது, அதாவது இடிக்கக் கூடாது, இஷ்டத்துக்கு ஓட்டை போடக் கூடாது. 3டி படத்துல அது பக்கத்து ரூம் சுவர் மாதிரியே சாம்பல் கலர்ல ஒரு பொட்டி. ஆனா நல்ல பிம் மாடல்ல அந்தச் சுவர தொட்டா 'நான் ஷெல்டர் சுவர்'னு சொல்லும். எலக்ட்ரீஷியன் அதுக்குள்ள ஒரு பைப் விட்டிருந்தா கம்ப்யூட்டரே கண்டுபிடிச்சு சிவப்புல காட்டும். பேர்ல நடுவுல இருக்கே இன்ஃபர்மேஷன், அதுதான் விஷயமே. படிக்கும்போது இத மட்டும் மனசுல வச்சுக்கிட்டா பாதி குழப்பம் போயிடும்.

இப்ப மோதல் பத்தி சொல்றேன், கிளாஷ்னு சொல்வாங்க. பிம் எதுக்குன்னு எனக்கு புரிஞ்சதே இதுலதான், அதனால கொஞ்சம் நீட்டிதான் சொல்வேன்.

என் ரெண்டாவது சைட்டுல ஒரு காரிடார். மேல பீம், பீமுக்கு கீழ ஏர்கான் டக்ட், ஸ்பிரிங்க்ளர் பைப், கேபிள் ட்ரே, அப்புறம் மேல் மாடி டாய்லெட்ல இருந்து வர்ற சானிட்டரி பைப், இது எல்லாம் போய் அதுக்கும் கீழ ஃபால்ஸ் சீலிங் வரணும். ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு கம்பெனி வரைஞ்சிருக்கு, ஒவ்வொரு ட்ராயிங்கும் தனியா பாத்தா சரியாத்தான் இருக்கு. எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு யாருமே பாக்கல. கான்கிரீட் ஊத்தியாச்சு, சென்ட்ரிங் பிரிச்சாச்சு, அப்பதான் பிளம்பர் பைப்ப தூக்கிக்கிட்டு வந்து "அண்ணே, இங்க பீம் நிக்குதே"ன்னாரு. கோர் பண்ணி ஓட்டை போட்டுக்கலாம்னு பாத்தா அது தூணுக்கு பக்கத்துல, பீம்ல குறுக்கால அறுக்கப் பாக்கற ஷியர் விசை அதிகமா இருக்கற இடம், எஞ்சினியர் முடியவே முடியாதுன்னுட்டாரு, அவர் சொன்னது சரிதான், கம்பிய வெட்டிட்டு அப்புறம் என்ன பண்றது. கடைசில டக்ட்ட திருப்பி, பைப்ப சுத்தி விட்டு, சீலிங்க எறக்கி, மூணு வாரம் போச்சு. அந்த மூணு வாரமும் ராத்திரி பத்து மணி வரைக்கும் நின்ன ஆளுங்க யாரு? நம்ம ஆளுங்கதான். அதனாலதான் எனக்கு இந்த விஷயத்துல இவ்வளவு அக்கறை. ஆபீஸ்ல ஒருத்தர் ரெண்டு மணி நேரம் சரியா பாத்திருந்தா அந்த வேலையே வந்திருக்காது.

பிம்ல என்ன பண்றோம்னா, ஆர்க்கிடெக்ட் மாடல், ஸ்ட்ரக்சர் மாடல், ஏர்கான், பைப், கரண்ட் வேலைக்கான எம் அண்ட் ஈ மாடல் மூணையும் நேவிஸ்வொர்க்ஸ் மாதிரி ஒரு சாஃப்ட்வேர்ல ஒண்ணா சேத்து, எது எதோட மோதுதுன்னு தேடச் சொல்றோம். அந்த பீமும் பைப்பும் கான்கிரீட் லாரி வர்றதுக்கு ஆறு மாசம் முன்னாடியே ஸ்க்ரீன்ல தெரிஞ்சிடும். பைப் அதே இடத்துல போயே ஆகணும்னா எஞ்சினியர்கிட்ட கேட்டு, கம்பி டிசைன மாத்தி, காஸ்டிங்குக்கு முன்னாடியே பைப் போறதுக்கு வழி விடற ஸ்லீவ் வச்சிடலாம். தம்பி, நீ கம்பி கட்டும்போது நடுவுல ஸ்லீவ் வச்சு சுத்தி எக்ஸ்ட்ரா கம்பி போடச் சொல்வாங்கல்ல, அது இப்படித்தான் எங்கயோ ஒரு மீட்டிங்ல முடிவாகி உன்கிட்ட வருது.

சாஃப்ட்வேர் கண்டுபிடிக்கறது சுலபம், பட்டன அமுக்குனா போதும், ஆயிரக்கணக்குல மோதல் காட்டும். அதுல முக்காவாசி ஒண்ணுமே இல்லாதது. சுவருக்குள்ள வயருக்காக போற சின்ன கான்ட்யூட் பைப்பையும் மோதல்னு சொல்லும், அது அங்கதானே போகணும். எது உண்மையான பிரச்சனை, யார் நகரணும்னு முடிவு பண்றதுக்கு ஆளு வேணும். அதுக்கு சைட்டுல ஒரு வழக்கம் இருக்கு: சானிட்டரி பைப்புக்கு மொத மரியாதை. ஏன்னா அதுல தண்ணி தானா சரிவுல ஓடணும், பம்ப் கிடையாது, பைப்ப தூக்கி வச்சா தண்ணி நிக்கும், அடைக்கும். அடுத்து டக்ட், அது பெருசு, திருப்பறது கஷ்டம். ஸ்பிரிங்க்ளர் பைப்ல பிரஷர் இருக்கு, அதனால ஏறி இறங்கி போகும். கேபிள் ட்ரே பாவம், எல்லாருக்கும் வழி விட்டுட்டு கடைசில போகும். மோதாட்டியும் பிரச்சனை இருக்கும், ஒரு வால்வ திறக்க கை உள்ள போகணும், ஒரு ஏர்கான் ஃபேன் காயில கழட்ட ஏணி நிக்கணும், அந்த எடத்த விடலன்னா அதுவும் ஒரு வகை மோதல்தான், சாஃப்ட் கிளாஷ்னு சொல்வாங்க. இதெல்லாம் ரெவிட் கிளாஸ்ல வாத்தியார் சொல்லித் தருவாரான்னா, நல்ல வாத்தியார்னா சொல்வாரு. சைட்டுல நாலு வருசம் நின்னவனுக்கு பாதி ஏற்கனவே தெரியும்.

அடுத்தது ரிவிஷன், அதாவது ட்ராயிங்க திருத்தித் திருத்தி விடறது. இது சைட்டுல எல்லாரும் அனுபவிச்ச வேதனை. நம்ம கைல இருக்கறது ரெவ் சி, ஆபீஸ்ல ரெவ் ஈ வந்து பத்து நாள் ஆச்சு, வாட்ஸ்அப்ல யாரோ அனுப்பியிருக்காங்க, அது மத்த மெசேஜோட மெசேஜா மேல போயிடுச்சு. இதுக்குத்தான் சிடிஇன்னு ஒண்ணு, காமன் டேட்டா என்விரான்மென்ட், எல்லாரும் ஒரே இடத்துல இருந்துதான் ஃபைல் எடுக்கணும், எது வேலைல இருக்கற ஃபைல், எது மத்தவங்க பாக்கறதுக்கு, எது சைட்டுல கட்டறதுக்கு அனுமதிச்சதுன்னு தெளிவா பிரிச்சிருக்கும். இத எப்படி பிரிக்கணும், யார் பொறுப்புங்கறதுக்கு உலக அளவுல ஐஎஸ்ஓ 19650-ன்னு ஒரு தரம் 2018-ல வந்துச்சு. படிக்க ரொம்ப வறட்சியா இருக்கும், ஆனா வேலைக்கு இன்டர்வியூ போனா இத பத்தி கேப்பாங்க.

இன்னொரு வார்த்தை அடிக்கடி வரும், ஐஎஃப்சி. ஒருத்தர் ரெவிட்ல வரைவாரு, இன்னொருத்தர் ஆர்க்கிகேட்ல, ஸ்டீல் கம்பெனி டெக்லால. ஒண்ணோட ஃபைல் இன்னொண்ணுல நேரா திறக்காது. அந்தக் காலத்துல சிங்கப்பூர் மார்க்கெட்ல தமிழ்க்காரர், சீனர், மலாய்க்காரர் எல்லாரும் எப்படி பேசிக்கிட்டாங்க? பசார் மலாய்ல, அதாவது சந்தைல பேசற எளிய மலாய்ல. இலக்கணம் முழுசா இருக்காது, கவிதை எழுத முடியாது, ஆனா மீன் என்ன விலை, எத்தன கிலோன்னு வியாபாரம் சுத்தமா நடக்கும். ஐஎஃப்சி அந்த மாதிரி. எந்த கம்பெனிக்கும் சொந்தமில்லாத பொது ஃபார்மட், பில்டிங்ஸ்மார்ட்ங்கற அமைப்பு பாத்துக்குது. ரெவிட்ல இருந்து ஐஎஃப்சிக்கு போகும்போது சில நுணுக்கம் உதிர்ந்துடும், ரெவிட்ல ஒரு கதவ இழுத்து அகலப்படுத்தற மாதிரி அங்க முடியாது, ஆனா இது கதவு, இவ்வளவு அகலம், இந்த மாடிங்கற விஷயம் பத்திரமா போய் சேரும்.

சிங்கப்பூர்ல இது ஏன் இவ்வளவு முக்கியம்னா, இங்க அரசாங்கமே மாடல கேக்குது. பிசிஏ, அதாவது கட்டட கட்டுமான ஆணையம், 2013-ல 20,000 சதுர மீட்டருக்கு மேல இருக்கற புது கட்டடத்துக்கு ஆர்க்கிடெக்சர் பிளான பிம்லதான் குடுக்கணும்னு கொண்டு வந்துச்சு, அடுத்த வருசம் எஞ்சினியரிங் பிளானுக்கும், 2015-ல 5,000 சதுர மீட்டருக்கு மேல இருக்கற எல்லாத்துக்கும். இப்ப அதையும் தாண்டி கோர்நெட் எக்ஸ்னு பிளான ஆன்லைன்ல குடுக்கற ஒரு முறை 2023 டிசம்பர்ல ஆரம்பிச்சிருக்கு. முன்னாடி தீயணைப்புக்கு எஸ்சிடிஎஃப், தண்ணி வடிகாலுக்கு பியூபி, ரோடுக்கு எல்டிஏ, மரத்துக்கு என்பார்க்ஸ்னு ஒவ்வொரு ஏஜென்சிகிட்டயும் தனித்தனியா குடுத்து, ஒருத்தர் சொன்ன திருத்தத்த பண்ணா அது இன்னொருத்தர் சொன்னதோட இடிக்கும். இப்ப ஆர்க்கிடெக்ட், எஞ்சினியர் எல்லாரும் மொதல்லயே உக்காந்து ஒத்துப்போன மாடல ஐஎஃப்சி-எஸ்ஜிங்கற சிங்கப்பூர் வடிவத்துல குடுக்கணும், ஏஜென்சிங்க எல்லாம் சேந்து பாத்து ஒரே பதிலா சொல்லும். 30,000 சதுர மீட்டரும் அதுக்கு மேலயும் இருக்கற புது புராஜெக்டுக்கு 2025 அக்டோபர் 1-ல இருந்து இது கட்டாயம், 2026 அக்டோபர் 1-ல இருந்து எல்லா புது புராஜெக்டுக்கும். பெரிய கம்பெனிங்க மட்டும் இல்லாம சின்ன ஆபீஸ்களுக்கும் மாடல் பண்ணத் தெரிஞ்ச ஆளு வேணும்னு ஆகுது பாருங்க.

சைட்டுலயும் மாறிடுச்சு. பிபிவிசின்னு கேள்விப்பட்டிருப்பீங்க, ரூமையே ஃபேக்டரில முழுசா செஞ்சு, டைல்ஸ், ஜன்னல், பைப் எல்லாம் போட்டு, லாரில கொண்டு வந்து கிரேன்ல தூக்கி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கறது. கிளமென்டி பக்கம் இருக்கற கிளமென்ட் கேனப்பி, 40 மாடில ரெண்டு டவர், 1,866 மாட்யூல அப்படி அடுக்கி 2019-ல முடிச்சாங்க. கான்கிரீட் பொட்டிய ஜொகூர்ல செனாய்ல வார்த்து, துவாஸ்ல உள்வேலை எல்லாம் முடிச்சு சைட்டுக்கு கொண்டு வந்தாங்க. இத யோசிச்சுப் பாருங்க, சைட்டுல ஊத்துற கான்கிரீட்னா ஒரு பைப் ஓட்டை தப்பாயிட்டா அந்த எடத்துல ஹேக் பண்ணி சமாளிக்கலாம், ஃபேக்டரில ஒரு அச்சுல வர்ற பொட்டில தப்பு இருந்தா அதே தப்பு வரிசையா அத்தன மாடிலயும் வந்துடும், மேல இருக்கற பொட்டியோட பைப் கீழ இருக்கற பொட்டியோட பைப்புக்கு நேரா வந்து உக்காரணும், மில்லிமீட்டர் கணக்கு. இந்த வேலைக்கு 2டி ட்ராயிங் பத்தாது. டிசைன், ஃபேக்டரி, சைட், அப்புறம் கட்டி முடிச்ச பிறகு பராமரிப்புன்னு நாலையும் டிஜிட்டலா ஒரே சங்கிலில கோக்கறதுக்கு இங்க ஐடிடின்னு பேரு, கோர்ஸ் விளம்பரத்துல இந்த வார்த்தைய பாத்தா பயப்படாதீங்க, இவ்வளவுதான் அது.

மத்ததெல்லாம் சுருக்கமா சொல்லிடறேன். லேசர் ஸ்கேனர்னு ஒரு கருவி, ட்ரைபாட்ல வச்சா சுத்தி லேசர் அடிச்சு கோடிக்கணக்கான புள்ளியா அந்த எடத்த அளந்துடும், அத மாடலோட வச்சுப் பாத்தா ஸ்லாப் எங்க தொங்கியிருக்கு, தூண் எங்க சாஞ்சிருக்குன்னு தெரியும், பழைய கட்டடத்துக்கு ட்ராயிங்கே இல்லன்னா இதுதான் வழி. ட்ரோன் இப்ப வெளிச்சுவர் பாக்கறதுக்கு நிறைய ஓடுது, ஏன்னா 2022-ல இருந்து 20 வருசத்துக்கு மேல ஆன, 13 மீட்டருக்கு மேல உயரமான கட்டடங்களுக்கு 7 வருசத்துக்கு ஒரு தடவை வெளிச்சுவர் சோதனை பண்ணணும்னு விதி வந்திருக்கு. டிஜிட்டல் ட்வின்ங்கறது கட்டி முடிச்ச கட்டடத்தோட மாடலுக்கு சென்சார் உயிர் குடுக்கறது, எந்த பம்ப் எப்ப ஓடுது, எது சூடாகுதுன்னு மாடல்ல தெரியும். 4டின்னா மாடலோட வேலை தேதி சேரும், 5டின்னா செலவும் சேரும்.

சரி, எங்க படிக்கறது. சின்னப் பசங்கன்னா தொழிற்கல்வி சொல்லித் தர்ற ஐடிஇ, பாலிடெக்னிக் ரெண்டுலயும் கட்டுமான கோர்ஸ்ல பிம் உள்ளயே வருது. வேலைல இருக்கறவங்களுக்கு பிராடல் ரோட்ல பிசிஏ அகாடமி இருக்கு, சின்ன கோர்ஸ்ல இருந்து ஸ்பெஷலிஸ்ட் டிப்ளமோ வரைக்கும் நடத்தறாங்க. சிங்கப்பூர் குடிமக்கள்னா 25 வயசுக்கு மேல ஸ்கில்ஸ்ஃபியூச்சர்ங்கற அரசாங்கப் பயிற்சித் திட்டத்துல 500 வெள்ளி இருக்கும், 40 வயசுக்கு மேலன்னா 2024 மே மாசத்துல இருந்து கூடுதலா 4,000 வெள்ளி குடுத்திருக்காங்க, ஆனா அந்தப் பணம் குறிப்பிட்ட கோர்ஸ்களுக்குத்தான் செல்லும், சேர்றதுக்கு முன்னாடி பட்டியல்ல பாத்துக்கோங்க. வொர்க் பெர்மிட்ல இருக்கறவங்களுக்கு இந்தக் காசு கிடையாது, அதனால அவங்க இன்னும் கவனமா இருக்கணும். ரெண்டு ஞாயித்துக்கிழமைல பிம் சர்டிஃபிகேட்னு யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க, தயவுசெஞ்சு. ரெண்டு நாள்ல மெனு எங்க இருக்குன்னு தெரியும், அதுக்கு மேல ஒண்ணும் வராது. ஊர்ல குடும்பம் காத்திருக்கற காசு அது.

காசில்லாம ஆரம்பிக்கணும்னா வழி இருக்கு. ரெவிட்டுக்கு கொஞ்ச நாள் ட்ரயல் கிடைக்கும், மாணவரா பதிவு பண்ணியிருந்தா இலவசமாவே தருவாங்க. அது இல்லன்னா ஃப்ரீகேட்ங்கற சாஃப்ட்வேர், அப்புறம் பிளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர்ல ஓடுற பான்சாய், ரெண்டும் எப்பவுமே இலவசம், ஐஎஃப்சி ஃபைல திறக்கும், எழுதும். லேப்டாப் கொஞ்சம் நல்லதா வேணும், போன்ல ஆகாது. மொதல்ல பெரிய டவர் எல்லாம் வரையாதீங்க. நீங்க தங்கியிருக்கற எடத்துல ஒரு டாய்லெட்ட டேப் வச்சு அளந்து எடுங்க, தரை, சுவர், மேல ஸ்லாப், பீம் எல்லாம் வச்சு, அப்புறம் வாஷ் பேசின்ல இருந்து, தரைத் தண்ணி போற ஃப்ளோர் ட்ராப்ல இருந்து தண்ணி எப்படி வெளிய போகுதுன்னு பைப் போடுங்க, பீம்ல இடிக்குதான்னு பாருங்க. ஒரு டாய்லெட்ட ஒழுங்கா முடிச்சீங்கன்னா ஒரு மாசம் கிளாஸ் போன அளவுக்கு தெரிஞ்சிடும், ஏன்னா கட்டடத்துலயே நெருக்கடியான எடம் அதுதான்.

இதையே அந்த தம்பிகிட்ட புதன்கிழமை ராத்திரி போன்ல சொல்லியிருந்தேன். அவன் ரூம்ல இருக்கற இன்னொருத்தர் லேப்டாப்ல ஃப்ரீகேட் போட்டு, நேத்து ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருக்கான். சுவர் தடிப்பு தப்பு, கதவு வெளிப்பக்கம் திறக்காம உள்ள திறக்குது, பேர் எல்லாம் சுவர்1 சுவர்2-ன்னு இருக்கு. ஆனா பைப்ப பாத்தேன், பேசின்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே சீரா சரிவு குடுத்திருக்கான். அத நான் அவன்கிட்ட சொல்லவே இல்ல.